பேரம் பேசத் தெரிந்தவர்

கனடாவின் மனிடோபா மாகாணச் சட்டமன்றத்துக்கு 1920 ஜூன் 29 அன்று தேர்தல் நடந்தது. வின்னிபெக் நகரம் முழுவதும் அப்போது ஒரே தொகுதி, அதற்குப் பத்து உறுப்பினர்கள். வாக்காளர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட்டு வாக்களிக்கும் முறை அந்தத் தேர்தலில்தான் அங்கே வந்தது. ஜெயித்த பத்துப் பேரில் மூன்று பேர், தாங்கள் ஜெயித்த சேதியைச் சிறைக்குள் இருந்தபடி கேட்டார்கள். ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் ஒரு தச்சர். ஜான் குவீன் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், பீப்பாய் செய்யும் தொழில் படித்தவர். வில்லியம் ஐவன்ஸ் மெதடிஸ்ட் பாதிரியார், தொழிலாளர் பத்திரிகையின் ஆசிரியர். அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டு ஓராண்டு உள்ளே இருந்தவர்கள். சதி என்று நீதிமன்றம் சொன்னது 1919-இல் நடந்த பொது வேலைநிறுத்தத்தை.

அதே 1920 ஜூலையில் இன்றைக்கும் நிற்கிற சட்டமன்றக் கட்டடத்தை முறைப்படி திறந்தார்கள். குவிமாடத்தின் உச்சியில் தங்கமுலாம் பூசிய இளைஞன் சிலை, உள்ளே பெரிய படிக்கட்டின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு வெண்கலக் காட்டெருமைகள், உறுப்பினர்கள் உட்காரக் குதிரைலாட வடிவில் ஒரு மன்றம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப் போவது அங்கேதான். இலவசம், உள்ளே கதகதப்பாகவும் இருக்கும்.

நான் இந்த ஊரில் ஒரு மருத்துவமனையின் சமையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்குச் சங்க ஸ்டூவர்டும், அதாவது தொழிற்சங்கப் பிரதிநிதியும், நான்தான். கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை, அப்படி வந்து சேர்ந்த பதவி. அதனால் தொழிற்சங்கத்திலிருந்து மாகாண அரசியலுக்குப் போனவர்கள் கதை என்றால் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு. சிறைக்குப் போய், வெளியே வந்து, மாலை போட்டுக்கொண்டு சட்டமன்றம் போகிற கதை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த மாகாணத்தில் சங்க வேலையிலிருந்து கிளம்பி முதல்வர் நாற்காலி வரைக்கும் போய், அங்கே பத்து வருடம் உட்கார்ந்தவர் வேறு மாதிரியான ஆள். அவர் சிறைக்குள் இருந்ததும் உண்மை. கைதியாக அல்ல, காவலராக. கேரி டூயர்.

அவரிடம் போவதற்கு முன் 1919 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இந்த ஊர் புரியாது. அந்த வருடம் மே 15 காலை 11 மணிக்கு வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு. ஆனால் தொலைபேசி இணைப்பகப் பெண்கள் காலை 7 மணிக்கே வேலையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள், 11 மணிவரை காத்திருக்கவில்லை. கட்டடத் தொழிலாளர்களும் உலோகப் பட்டறைக்காரர்களும் கேட்டது சம்பள உயர்வு, கூடவே சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிற உரிமை. இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த ஊரில் 30,000 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பாலும் ரொட்டியும் வீடுகளுக்குப் போகாவிட்டால் குழந்தைகள் பாடு என்ன ஆகும்? அதனால் பால் வண்டி, ரொட்டி வண்டிகளில் 'வேலைநிறுத்தக் குழுவின் அனுமதியோடு' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். வண்டிக்காரனைக் கருங்காலி என்று யாரும் அடித்துவிடக் கூடாது என்பதற்காக மாட்டிய அட்டை. ஊர்ப் பெரிய மனிதர்கள் அதை வேறு மாதிரி படித்தார்கள்: பார்த்தீர்களா, இவர்கள் அரசாங்கமே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள், ரஷ்யாவில் நடந்தது இங்கேயும் நடக்கப்போகிறது என்று. ஜூன் 17 விடியற்காலையில் தலைவர்களைக் கைது செய்தார்கள். 21-ஆம் தேதி சனிக்கிழமை மெயின் தெருவில் குதிரைப் போலீஸ் கூட்டத்தின் மீது சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். 26-ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டது கிடைக்கவில்லை.

அன்று கூட்டம் கவிழ்க்கப் பார்த்த டிராம் வண்டியின் நினைவாக, சாய்ந்த டிராம் ஒன்றை நூறாவது ஆண்டில் மெயின் தெருவில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் பாதி புதைந்து கிடக்கும்.

கேட்டது கிடைக்காதவர்கள் அடுத்த வருடம் வாக்குச்சீட்டில் கணக்குத் தீர்த்தார்கள். 55 பேர் மன்றத்தில் தொழிலாளர் தரப்புக்கு 11 இடம். சிறையில் இருந்த மூவர் போக, வின்னிபெக்கில் எல்லாரையும் விட அதிக வாக்கு வாங்கியவர் பிரெட் டிக்சன். அவர் மீதும் ராஜதுரோக வழக்கு இருந்தது. வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடி விடுதலையானவர். ஜான் குவீன் 1941 வரை சட்டமன்றத்தில் இருந்தார், நடுவில் இதே வின்னிபெக்குக்கு மேயராகவும் ஆனார். உள்ளே தள்ளிய ஊரே அவரை மேயர் நாற்காலியில் உட்கார வைத்தது. ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி ஹெலன், வேலைநிறுத்த நாட்களில் பெண் தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாட்டுக்கூடம் நடத்தியவர். அவருக்குத் தெருவில் ஒரு சிலை வைத்தால் தகும். சமையல்காரன் என்பதால் சொல்கிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டூயர்.

1948-இல் வின்னிபெக்கிலேயே பிறந்தவர். மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தார், அப்புறம் விட்டுவிட்டார். வாஹன் தெருவில் இருந்த சிறார் காவல் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பழைய சிறைக் கட்டடம் சட்டமன்றத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். பிறகு இளைஞர் சீர்திருத்த மையத்தில் துணைக் கண்காணிப்பாளர் வரைக்கும் உயர்ந்தார். அங்கிருந்து மாகாண அரசு ஊழியர் சங்கம். 1979-இல் அதன் தலைவர். வயது முப்பத்தொன்று. 1986 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

நம் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் அப்பா மதுரையில் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக். டெப்போ வாசலில் தொமுச கொடி, அண்ணா தொழிற்சங்கக் கொடி, சிஐடியு கொடி, இன்னும் சில கொடிகள் வரிசையாகப் பறக்கும். ஆட்சி மாறினால் சங்க அலுவலகத்தில் கூட்டம் கூடும் இடமும் மாறும். கட்சிதான் சங்கத்துக்கு அப்பா. சங்கத்தில் பெரிய ஆளானவர் கட்சியில் சீட்டு வாங்குவது அங்கே ஒரே வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது. கனடாவில் புதிய ஜனநாயகக் கட்சியைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்துதான் 1961-இல் உருவாக்கியது, அதனால் உறவு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அரசு ஊழியர் சங்கத்தின் நிலைமை தனி. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதுதான் முதலாளி. டூயர் தலைவராக இருந்த முதல் இரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்தது ஸ்டெர்லிங் லயனின் கன்சர்வேட்டிவ் அரசு. அடுத்து 1981-இல் வந்தது ஹவர்ட் பாலியின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு. இரண்டு பக்கத்தோடும் பேரம் பேச வேண்டியிருந்தது.

1983-இல் பொருளாதார மந்தம். பாலி அரசிடம் பணம் இல்லை. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தைத் திரும்பப் பிரித்து, வர வேண்டிய சம்பள உயர்வைத் தள்ளிப்போட டூயரின் சங்கம் ஒத்துக்கொண்டது. பதிலுக்கு ஆட்குறைப்பு இருக்காது என்று வாக்குறுதி வாங்கியது. செய்தித்தாளில் இது இரண்டு வரி. ஒப்பந்தப் பேச்சுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு வரியின் கனம் தெரியும்.

எங்கள் மருத்துவமனை உதவி ஊழியர்களுக்கான பேச்சுக்குழுவில் நானும் இருந்திருக்கிறேன். ஹோட்டல் ஒன்றில் இரண்டு அறை. ஒன்றில் அவர்கள், ஒன்றில் நாங்கள். நடுவில் சமரசக்காரர் காகிதத்தோடு நடந்துகொண்டே இருப்பார். பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது. காபி ஆறிப்போகும், யாராவது பிஸ்கட் டப்பாவைத் திறப்பார்கள், ஒருவர் மூலையில் தூங்குவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தாள் வரும். அதில் ஓவர்டைம் ஷரத்தில் ஒரு வார்த்தை மாறியிருக்கும், அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை. இதெல்லாம் கஷ்டம் என்று நினைத்தேன். அது இல்லை கஷ்டம். இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் உறுப்பினர் கூட்டம் போட்டு, "இதுதான் கிடைத்தது, ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று நம் ஆட்களிடமே சொல்வதுதான் கஷ்டம். என்னோடு தினமும் பாத்திரம் கழுவுகிற ஃபிலிப்பினோ அக்கா எழுந்து நின்று, "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டார். நிர்வாகத்தின் வக்கீல்கள்கூட என்னை அப்படி வாயடைக்க வைத்ததில்லை. ஒப்பந்தம் வாக்கெடுப்பில் ஜெயித்தது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சங்க வேலை சண்டை போடக் கற்றுக்கொடுக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சண்டை போடக் கற்றுக்கொள்ள சங்கமே வேண்டியதில்லை, கல்யாண வீடே போதும். பாதிதான் கிடைத்தது என்று வந்து நின்று, அந்தப் பாதிக்கு நம் ஆட்களையே கை தூக்க வைப்பது வேறு வித்தை, அதைச் சங்கம்தான் சொல்லிக்கொடுக்கிறது. டூயரிடம் அந்த வித்தை இருந்தது. அவருடைய அரசியல் வாழ்க்கை முழுக்க அது ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஓடியது என்பது என் எண்ணம். சங்கக்காரர்களுக்கு அவர் மேல் இருக்கும் மனத்தாங்கலும் அங்கிருந்துதான் வந்தது.

1986 தேர்தலில் பாலியின் கட்சி சார்பில் வின்னிபெக்கின் வடகிழக்கில் கான்கார்டியா தொகுதியில் நின்று ஜெயித்தார். பாலி உடனே அவரை நகர்ப்புற விவகார அமைச்சர் ஆக்கினார். அதுவரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், இப்போது இந்தப் பக்கம். மாகாணத் தொலைபேசி நிறுவனம் அப்போது சவூதி அரேபியாவில் பல மில்லியன் டாலரைக் கோட்டைவிட்டு நாறிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பும் பிறகு அவரிடம் வந்தது.

அந்த அரசு விழுந்த கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 57 பேர் மன்றத்தில் பாலிக்கு 30 இடம். அதில் ஒருவர் ஜிம் வால்டிங். மூக்குக்கண்ணாடி செய்துகொடுக்கும் தொழில் செய்தவர், 1971 முதல் உறுப்பினர், முந்தைய மன்றத்தில் சபாநாயகர். அமைச்சர் பதவி தரவில்லை என்று அவருக்கு மனக்குறை. 1986-இல் கட்சி வேட்பாளர் தேர்வில் அவர் ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தவர். அன்று யாரோ ஒருவர் காரைக் கிளப்ப முடியாமல் வீட்டில் தங்கியிருந்தால் (வின்னிபெக்கின் ஜனவரி, நடக்கக்கூடியதுதான்) வரலாறே வேறு. 1988 மார்ச் 8, பட்ஜெட் மீது வாக்கெடுப்பு. ஏற்கெனவே ஓர் உறுப்பினர் பதவி விலகியிருந்தார், சபாநாயகர் வாக்களிக்க முடியாது. வால்டிங் எழுந்து எதிர்க்கட்சியோடு வாக்களித்தார். 28-க்கு 27. ஒரு வாக்கில் வேட்பாளரானவர் ஒரு வாக்கில் தன் கட்சி ஆட்சியைக் கவிழ்த்தார்.

மாகாணக் கார் காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றியதில் ஜனங்கள் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்த நேரம் அது. பாலி விலகினார். மார்ச் 30-இல் கட்சித் தலைமைக்குத் தேர்தல். லென் ஹாராபியாக் என்ற சக அமைச்சரை டூயர் 21 வாக்கில் தோற்கடித்தார். தலைவரான நான்காவது வாரமே, ஏப்ரல் 26-இல், பொதுத்தேர்தல். மூழ்குகிற கப்பலை எவன் கையில் எடுப்பான் என்று கேட்கலாம். எடுத்தார், மூழ்கியது: 30 இடம் 12 ஆனது. கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. இரண்டாம் இடத்தில் ஷாரன் கார்ஸ்டர்ஸின் லிபரல்கள், 20 இடம். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுக்கு இருந்தது அவர் ஒருவர் மட்டும்.

இங்கேயே பலர் கடையை மூடியிருப்பார்கள். டூயர் 11 வருடம் காத்திருந்தார். அந்த 11 வருடத்தை விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை புத்தகமாகிவிடும். 1990-இல் நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்தும் மீச் லேக் ஒப்பந்தம் வந்தபோது, அவர் கட்சியின் எலிஜா ஹார்ப்பர், பூர்வகுடி உறுப்பினர், கையில் கழுகிறகோடு மன்றத்தில் "இல்லை" என்று சொல்லி அதை நிறுத்தினார். அந்த வருடத் தேர்தலில் டூயரின் கட்சி 20 இடத்தோடு எதிர்க்கட்சி ஆனது. 1995-இல் 23, அப்போதும் தோல்விதான்.

முதல்வராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் கேரி ஃபில்மன் 1993-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: அரசு ஊழியர்கள் வருடத்தில் சில நாட்கள் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் அது வந்ததால் ஊரில் அதற்கு 'ஃபில்மன் வெள்ளி' என்று பெயர். எங்கள் பிரிவில் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்லிப் பல்லைக் கடிப்பார்கள். 1983-இல் டூயர் பேசி விட்டுக்கொடுத்ததற்கும் 1993-இல் ஃபில்மன் சட்டம் போட்டுப் பிடுங்கியதற்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் முன்னதில் கேட்டார்கள், பின்னதில் கேட்கவில்லை. சங்கத்தில் இருப்பவனுக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். அப்புறம் மாகாணத் தொலைபேசி நிறுவனத்தையும் ஃபில்மன் அரசு விற்றது. 1995 தேர்தலில் பூர்வகுடி மக்களின் வாக்கைப் பிரிப்பதற்காகச் சுயேச்சைகளுக்கு ஆளுங்கட்சி ஆட்கள் மறைவில் பணம் கொடுத்தது வெளியே வந்தது. விசாரித்த நீதிபதி மொனின், தன் பணிக்காலத்தில் ஒரே வழக்கில் இத்தனை பொய்யர்களைப் பார்த்ததில்லை என்று எழுதினார்.

1999 செப்டம்பர் 21: டூயருக்கு 57-இல் 32. 2003-இல் 35. 2007-இல் 36. மூன்று தேர்தல், ஒவ்வொன்றிலும் முந்தினதைவிடக் கூடுதல். ஆட்சியில் இருப்பவருக்கு இடம் கூடிக்கொண்டே போவது எந்த நாட்டு அரசியலிலும் அபூர்வம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சங்கத் தலைவர் முதல்வர் ஆனார், சங்கங்களுக்கு என்ன கிடைத்தது?

2000-இல் தொழிலாளர் உறவுச் சட்டத்தைத் திருத்தினார். ஓர் இடத்தில் 65 விழுக்காடு ஊழியர்கள் சங்க உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போட்டால், தனி வாக்கெடுப்பு இல்லாமலே சங்கத்துக்கு அங்கீகாரம். ஃபில்மன் அதை நீக்கியிருந்தார், இவர் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவில் இருக்கும் நாட்களில்தான் மேலாளர்கள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு "யோசித்துச் செய்" என்பார்கள். அந்த நாட்கள் இல்லாமல் போனால் சங்கம் பிழைக்கும். முதலாளிகள் சங்கங்கள் கூச்சல் போட்டன. வேலைநிறுத்தம் 60 நாளைத் தாண்டினால் எந்தத் தரப்பும் நடுவர் தீர்ப்பு கேட்கலாம் என்றும் அதே திருத்தத்தில் வழி வைத்தார்.

அதே வருடம் இன்னொரு சட்டம். அரசியல் கட்சிகளுக்கு நிறுவனங்கள் நன்கொடை தரக் கூடாது, தொழிற்சங்கங்களும் தரக் கூடாது. தனிநபர் மட்டும், அதுவும் வருடம் 3,000 டாலர் வரை. கனடாவில் கியூபெக் 1977-இல் செய்ததற்கு அடுத்தபடி மனிடோபாதான். முன்னாள் சங்கத் தலைவர் முதல்வர் ஆன அடுத்த வருடமே சங்கத்தின் பணத்துக்குக் கதவைச் சாத்தினார். எங்கள் சாப்பாட்டு அறையில் இதைச் சொன்னால் புதிதாகச் சேர்ந்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

துரோகம் என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சிக்கு வரும் கம்பெனிப் பணம் தன் கட்சிக்கு வரும் சங்கப் பணத்தைவிடப் பெரிது. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் யாருக்கு அதிக நஷ்டம்? ஒப்பந்த மேசையில் உட்கார்ந்தவன் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போடுவான். கூடவே, சங்கங்களின் சட்டைப்பையில் இருப்பவர் என்று இனி யாரும் அவரைப் பேச முடியாது. நம்முடைய ஒரு ரூபாயை விட்டு அவர்களுடைய இரண்டு ரூபாயை வாங்கினார். ஆனால் இப்படி விட்டுக்கொடுப்பதற்கு அவர் சங்கங்களைக் கை தூக்கச் சொல்லவில்லை. 1983-இல் உறுப்பினர்கள் முன்னால் போய் நின்றவர், 2000-இல் அப்படி நிற்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் ஒருவருக்குச் செய்வது இதுதான் போல.

வேலைநிறுத்தத்தின்போது மாற்று ஆட்களை இறக்கத் தடை விதிக்கும் சட்டத்தை, சங்கங்கள் எவ்வளவோ கேட்டும், பத்து வருடத்தில் அவர் கொண்டுவரவே இல்லை. பட்ஜெட்டில் பற்றாக்குறை கூடாது என்று ஃபில்மன் போட்ட சமநிலை பட்ஜெட் சட்டத்தையும் தொடுவதில்லை என்று சொல்லித்தான் 1999-இல் ஓட்டே கேட்டார். மருத்துவமனை நடைபாதைகளில் ஸ்ட்ரெச்சரில் நோயாளிகள் கிடப்பதை ஆறு மாதத்தில் முடிப்பேன் என்றும் அப்போது வாக்குக் கொடுத்தார். இத்தனை வருடம் கழித்து நான் இரவுச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகும்போதும், அறை எண்ணுக்குப் பதிலாக 'நடைபாதை 4' என்று எழுதிய சீட்டு தட்டில் இருக்கிறது. நடைபாதையில் கிடப்பவருக்கு மேசை கிடையாது, சூப்பை மடியில் வைத்துக்கொடுக்க வேண்டும். இதற்கு அவர் ஒருவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை, அவருக்குப் பின் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். ஆனால் ஆறு மாதம் என்று சொன்னது அவர்தான்.

2009-இல் தானாகவே விலகினார். தோற்காமல் வெளியே போன முதல்வர். அதே வேகத்தில் அமெரிக்காவுக்குக் கனடாவின் தூதராக நியமிக்கப்பட்டார். நியமித்தவர் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். எதிர்முகாம் ஆளைத் தன் நாட்டின் மிகப் பெரிய தூதர் பதவிக்கு ஹார்ப்பர் தேடிப் பிடித்தது கட்சிப் பாசத்தால் அல்ல என்பது நிச்சயம். பேரம் பேசத் தெரிந்த ஒருவர் வாஷிங்டனில் வேண்டும், அவ்வளவுதான். என் சங்கத்தில் ஒரு மூத்த தோழர் இருக்கிறார், 1919 பற்றி எப்போது கேட்டாலும் கண்கள் ஒளிரப் பேசுபவர். டூயர் பெயரைச் சொன்னால் மட்டும், "நல்ல மனிதர், நல்ல முதல்வர், நம்மவர் என்று மட்டும் சொல்லாதே" என்பார். அவரோடு நான் இதில் ஒத்துப்போவதில்லை. ஆம்ஸ்ட்ராங்கும் குவீனும் ஐவன்ஸும் நம்மவர்கள் என்றால் டூயரும் நம்மவர்தான். அவர்கள் கேட்டு அடி வாங்கிய 'உட்கார்ந்து பேசும் உரிமை'யைக் கையில் வைத்துக்கொண்டு, பேசியே காலம் தள்ளியவர் இவர். கேட்டது கிடைத்த பிறகு மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் இவரைத்தான் பார்க்க வேண்டும். பார்க்க அவ்வளவு எழுச்சியாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

மாற்று ஆட்களுக்கான தடை கடைசியில் 2024-இல் வந்தது, வாப் கினூ முதல்வராக இருக்கும் அரசில். அவர் சங்கத்திலிருந்து வந்தவர் அல்ல. மூத்த தோழர் அன்று சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக்கொடுத்து, என்னைப் பார்த்து, "பார்த்தாயா?" என்றார். பதில் சொல்லாமல் டோனட்டைச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒரு பெண், அடுத்த மாகாணத் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளர் தேர்வில் நிற்கப் போகிறார். இங்கே மேலிடம் பட்டியல் வெளியிட்டு சீட்டு கொடுக்கும் கதை பெரும்பாலும் கிடையாது. தொகுதியில் யார் அதிகம் பேரைக் கட்சி உறுப்பினராகச் சேர்த்து, அந்தச் சாயங்காலம் மண்டபத்துக்கு வரவைக்கிறாரோ அவர்தான் வேட்பாளர். அதனால் குருத்வாரா வாசல், ஃபிலிப்பினோ தேவாலயம், நைஜீரியக்காரர்களின் கால்பந்துக் குழு என்று எல்லா இடத்திலும் படிவத்தோடு அலைகிறார். தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நான்தான் கூட்டிப்போக வேண்டும். வால்டிங் கதையைச் சொன்னேன். ஒரே வாக்கா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, வயதானவர்களைக் காரில் கூட்டிவர யார் யார் இருக்கிறார்கள் என்று அங்கேயே ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். என் பெயருக்கு நேரே 'ஏழு இருக்கை வேன்' என்று எழுதினார்.

பிறகு கேட்டார்: "நான் ஜெயித்து, ஒரு நாள் நம் சங்கத்துக்குப் பிடிக்காத எதையாவது செய்ய வேண்டி வந்தால், நீங்கள் என் அலுவலக வாசலில் கொடி பிடிப்பீர்களா?"

"கண்டிப்பாக. ஆனால் முதலில் ஜிம்முக்கு வந்து எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அம்மா" என்றேன்.

சிரித்துவிட்டு உறுப்பினர் படிவத்தை நீட்டினார். வீட்டுக்காரி கையெழுத்தும் வேண்டும் என்று இரண்டாவது படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.